நோயும் அதன் உறைவிடமும்: கண்டி மலைநாட்டு வரலாறு தரும் ஒரு மருந்தியற் பாடம்

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் கிருமிகளை மனிதன் வென்ற வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கிருமி தங்கி வாழும் உடலும் அவ்வுடலின் கலங்களும் அவ்வரலாற்றிற் போர்க்களமாக மட்டுமே இடம்பெறுகின்றன. ஆயின் கடந்த அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடைபெற்று வரும் இன்புளுவென்சா ஆராய்ச்சி இந்நோக்கினைப் பெரிதும் மாற்றியுள்ளது. வைரசை நேரே தாக்குவதற்குப் பதிலாக, அது தன் பெருக்கத்துக்கு நம்பியிருக்கும் மனிதக் கலத்தின் நொதியங்களையும் புரதங்களையும் இலக்காகக் கொண்டு மருந்து ஆக்க இயலுமா என்பதே இன்று ஆய்வாளர் பலரின் கேள்வியாகும். கலத்தையும் உடலையும் உயிரியலார் 'விருந்துவழங்கி' என வழங்குவர். அழையாது வந்த விருந்தினனை வெளியேற்றுவதா, அவன் உண்ணும் பாத்திரத்தை அகற்றிவிடுவதா என்று இக்கேள்வியைச் சுருக்கிக் கூறலாம்.

முயற்சி புதியதாயினும் இக்கேள்வி கண்டி மலைநாட்டுக்குப் புதியதன்று. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர், மனிதரின் நோய் குறித்தன்றி ஒரு பயிரின் நோய் குறித்து, பேராதனையிலே அது எழுந்தது. அதற்கு அளிக்கப்பட்ட விடையும், அவ்விடைக்கு மலைநாட்டு மக்கள் கொடுத்த விலையும் இன்றைய மருந்தியலாருக்கும் பாடமாக அமைவன.

கோப்பித் துருவும் மார்ஷல் வார்டும்

1821ஆம் ஆண்டிலே பேராதனையில் நிறுவப்பட்ட தாவரவியற் பூங்கா, பிரித்தானியரின் பெருந்தோட்ட முயற்சிக்கு அறிவுக்களமாக விளங்கியது. 1869ஆம் ஆண்டில் மலைநாட்டுக் கோப்பிச் செடிகளின் இலைகளிற் செம்மஞ்சட் புள்ளிகள் தோன்றியபோது, பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவெயிற்சு நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கு பேர்க்கிலி என்னும் பங்கசியல் அறிஞர் அவற்றை ஆராய்ந்து, நோய்க்குக் காரணமான பங்கசுக்கு எமிலியா வசுத்தாத்திரிக்சு எனப் பெயரிட்டார். பெயரின் இரண்டாம் பகுதி 'பாழாக்குவது' என்னும் பொருளுடையது. அப்பெயர் விரைவிலேயே மெய்யாயிற்று. 1870களின் இறுதியில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேற் பரந்திருந்த கோப்பிப் பயிர், அடுத்த பதினைந்து ஆண்டுகளுள் ஏறக்குறைய முற்றாக மறைந்தது.

நோய் கண்டவுடன் தோட்டத்துரைமார் நாடியது பங்கசைக் கொல்லும் வழியையேயாகும். கந்தகத் தூளும் சுண்ணாம்பும் கலந்து செடிகளுக்குத் தூவப்பட்டன. பேராதனையில் உதவிப் பணிப்பாளராயிருந்த டானியல் மொறிஸ் இம்முறையைப் பரிந்துரைத்தோருள் ஒருவர். ஆயின் 1880ஆம் ஆண்டில் இந்நோயை ஆராய்வதற்கென இலங்கைக்கு அனுப்பப்பட்ட ஹரி மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி வேறொரு முடிவுக்கு வந்தார். பங்கசின் வித்திகள் காற்றிற் பரவுகின்றன. ஈரமான இலைமீது முளைத்து, இலைவாய்களின் ஊடாக உட்புகுகின்றன. பின்னர் இலையின் இழையங்களுக்கு உள்ளேயே வாழ்ந்து அவற்றிலிருந்தே உணவு பெறுகின்றன. உட்புகுந்துவிட்ட பங்கசை வெளியே தூவும் தூள் அணுகுவதில்லை.

வார்டின் ஆய்வு பங்கசோடு நின்றுவிடவில்லை. நோய் இத்துணை கடுமையாகப் பரவியமைக்குக் காரணம் பங்கசின் இயல்பு மட்டுமன்று, காடுகளை அழித்து மலை மலையாக ஒரே இனச் செடியை இடைவெளியின்றி நட்டமையும் ஆகும் என அவர் எடுத்துக்காட்டினார். பங்கசுக்கு எல்லையற்ற உறைவிடத்தை அமைத்துக் கொடுத்தவர்கள் தோட்டத்துரைமாரே. நோயைப் புரிந்துகொள்ளவேண்டுமாயின் விருந்துவழங்கியையும் புரிந்துகொள்ளல் வேண்டும் என்னும் கருத்து இவ்வாறு பேராதனையில் அழுத்தம் பெற்றது. தாவர நோயியலின் வரலாற்றில் வார்டின் இலங்கை ஆய்வு இன்றும் முதன்மை பெறுவது இக்காரணத்தாலேயாகும்.

இறுதியில் மலைநாடு கண்ட தீர்வும் விருந்துவழங்கியை மாற்றியதேயாகும். கோப்பி அகன்று, இடையே சிங்கோனாவும், பின்னர் தேயிலையும் அவ்விடத்தைப் பெற்றன. ஆயின் இம்மாற்றம் விலையின்றி நிகழவில்லை. கோப்பிக் காலத்திலே அறுவடைக்கு வந்து மீண்டும் தென்னிந்தியக் கிராமங்களுக்குத் திரும்பிச் சென்ற தமிழ்த் தொழிலாளர், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டிய தேயிலையின் வரவோடு லயன் அறைகளில் நிரந்தரமாகத் தங்கவேண்டியவராயினர். உறைவிடத்தை மாற்றினால் நோய் அகலக்கூடும். ஆயின் அம்மாற்றத்தின் விளைவை யாரோ ஒருவர் சுமக்கவேண்டும் என்பதும் இவ்வரலாற்றில் அடங்கியுள்ளது.

சிங்கோனாப் பட்டையும் 1918ஆம் ஆண்டும்

கோப்பிக்கும் தேயிலைக்கும் இடைப்பட்ட காலத்தில் மலைநாட்டை நிறைத்த சிங்கோனா, தென் அமெரிக்காவின் அந்தீசு மலைகளைத் தாயகமாகக் கொண்ட மரமாகும். அதன் பட்டையிலிருந்து 1820ஆம் ஆண்டிற் பிரான்சிய வேதியியலார் குயினைனைப் பிரித்தெடுத்தனர். மலேரியாவுக்கு மருந்தான அப்பொருளைத் தன் குடியேற்ற நாடுகளிலேயே பெறவேண்டும் என்பது பிரித்தானிய அரசின் நோக்கமாயிற்று. 1861ஆம் ஆண்டில், பேராதனைப் பூங்காவின் கிளையாக, நுவரெலியாவுக்கு அணித்தாயுள்ள ஹக்கலையிற் சிங்கோனா நாற்றுமேடை அமைக்கப்பட்டது. கண்டிக்குத் தென்கிழக்கே உள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர், சிங்கோனாவிலும் முன்னோடியாக விளங்கினார். கோப்பி வீழ்ந்தபோது துரைமார் பலரும் சிங்கோனாவை நாடினர். 1880களின் நடுப்பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டை இலங்கையிலிருந்து ஏற்றுமதியாயிற்று. மிகை உற்பத்தியால் விலை சரிந்தது. பின்னர் யாவாத் தீவின் உயர்ந்த இன மரங்கள் உலகச் சந்தையைக் கைப்பற்றின. இலங்கையிற் சிங்கோனாவின் காலம் அத்துடன் முடிவுற்றது.

1918ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இன்புளுவென்சாப் பெருந்தொற்று இலங்கையை அடைந்தது. கொழும்புத் துறைமுகமும், 1914இல் இந்தியாவுடனான கப்பற் போக்குவரத்துத் தொடங்கிய தலைமன்னாரும் அது நுழைந்த வாயில்கள் எனக் கருதப்படுகின்றன. இவ்விரு வாயில்களிலிருந்தும் மலைநாட்டுக்குப் புகையிரதப் பாதை இருந்தது. 1918 இறுதியிலும் 1919ஆம் ஆண்டின் முற்பகுதியிலுமாக இரு அலைகள் எழுந்தன. பிறப்பு இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2014ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணிப்பு, இக்காலத்தில் நாடு இழந்த மக்கள்தொகை மூன்று இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டதாகவும், மொத்தத்தில் நூற்றுக்கு ஆறரை வீதத்தைத் தாண்டியதாகவும் கூறுகின்றது.

அக்காலத்து மருத்துவர்கள் இந்நோயின் காரணத்தை அறிந்திலர். 1892ஆம் ஆண்டில் ஜெர்மானியரான பைபர் கண்ட ஒரு பற்றீரியாவே இன்புளுவென்சாவை உண்டாக்குவது எனப் பலர் நம்பினர். காய்ச்சல் என்றாற் குயினைன் என்னும் பழக்கம் உலகெங்கும் நிலவியது. 'கொயினா' என மக்கள் வழங்கிய அம்மருந்து, அசுப்பிரினோடு சேர்த்து, நாடுகள் பலவற்றில் நோயாளருக்கு வழங்கப்பட்டது. மலேரியாவில் அது பயன்பட்டமைக்குக் காரணம், குருதிக் கலத்தினுள் வாழும் மலேரியா ஒட்டுண்ணியின் வாழ்க்கையை அது குலைத்தமையாகும். இன்புளுவென்சாவில் அத்தகைய இலக்கு எதுவும் அதற்கு இருக்கவில்லை. எதனைத் தாக்குகிறோம் என்று அறியாது கொடுக்கும் மருந்து ஆறுதலைத் தரலாம்; நோயைத் தடுப்பதில்லை.

பதினாறு ஆண்டுகளின் பின்னர், 1934–35இல் மலேரியா கேகாலை, குருநாகல் மாவட்டங்களையும் கண்டியின் தாழ்நிலங்களையும் சூறையாடி எண்பதாயிரம் அளவினரைப் பலிகொண்டபோது, குயினைன் உண்மையிலேயே தேவைப்பட்டது. ஒருகாலத்தில் உலகுக்கே பட்டை வழங்கிய இத்தீவு, அப்போது அம்மருந்தை வெளியிலிருந்து வருவிக்கவேண்டியதாயிற்று. மருந்தை விளைவிப்பது வேறு, அதன்மீது உரிமை கொள்வது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வைரசைத் தாக்கிய மருந்துகள்

1933ஆம் ஆண்டில் இலண்டனில் வில்சன் சிமித், அன்றூஸ், லெயிட்லோ ஆகிய மூவரும் மனித இன்புளுவென்சாவின் வைரசை, கீரியை ஒத்த பெரற் என்னும் விலங்கிற் செலுத்தி நிறுவினர். நோயின் காரணம் தெரிந்தபின் அதனை நேரே தாக்கும் மருந்துகளைத் தேடுவது இயல்பாயிற்று. 1966இல் அமெரிக்காவில் அமன்ரடீன் அனுமதி பெற்றது. வைரசின் உறையிலுள்ள ஒரு நுண்வழியை அது அடைத்தது. 1999இல் வந்த சனமிவிரும் ஒசெல்தமிவிரும், புதிய வைரசுகள் கலத்தைவிட்டு அகல உதவும் நியூரமினிடேசு என்னும் வைரசு நொதியத்தைத் தடுத்தன. 2018இல் வழக்கிற்கு வந்த பலொக்சவிர், வைரசு தன் செய்திகளைப் படியெடுக்கப் பயன்படுத்தும் மற்றொரு நொதியத்தைத் தடுப்பதாகும்.

இவை பயன்தரும் மருந்துகளே. ஆயினும் இன்புளுவென்சா வைரசின் பரம்பரைப் பொருளான ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படும்போது பிழைகள் மலிகின்றன. அப்பிழைகளுட் சில வைரசுக்கு வாய்ப்பாக அமைகின்றன. இதன் விளைவாக அமன்ரடீனுக்கு அடங்காத வைரசுகள் பெருகி, 2006ஆம் ஆண்டு தொடக்கத்தில் அதனைப் பயன்படுத்தவேண்டாம் என அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. 2008ஆம் ஆண்டளவில் ஒசெல்தமிவிருக்கு அடங்காத பருவகால வைரசு இனமொன்று உலகின் பல பாகங்களிலும் பரவிற்று. 2009ஆம் ஆண்டின் பெருந்தொற்று வைரசு அவ்வினத்தை அகற்றி அதன் இடத்தைப் பிடித்தமையாலேயே அம்மருந்து மீண்டும் பயன் பெற்றது. மருத்துவத்தின் திறமையாலன்றி இயற்கையின் தற்செயலாற் கிடைத்த மீட்சி அது.

கலம் வெளிப்படுத்திய இரகசியங்கள்

இன்புளுவென்சா வைரசின் உடைமை மிகச் சிறிது. அதன் பரம்பரைச் செய்தி எட்டுத் துண்டுகளில் அடங்கும். அது ஆக்கும் புரதங்கள் ஏறத்தாழப் பத்துப் பதினைந்தே. மனிதனிடமோ இருபதினாயிரம் அளவிற் புரதம் ஆக்கும் பரம்பரையலகுகள் உள்ளன. எனவே வைரசு தன் தேவைகளுட் பெரும்பாலானவற்றைக் கலத்திடமிருந்தே பெறுகின்றது. இவ்வுண்மை படிப்படியாகவே தெளிவாயிற்று.

1941இல் ஜோர்ஜ் ஹேர்ஸ்ற், வைரசு செங்குருதிக் கலங்களைத் திரட்டுவதைக் கண்டார். கலத்தின் மேற்பரப்பிலுள்ள சியாலிக் அமிலம் என்னும் வெல்லப் பொருளே வைரசு பற்றிக்கொள்ளும் கைப்பிடி என்பது அவ்வழிவந்த ஆராய்ச்சியால் விளங்கிற்று. 1957இல் அலிக் ஐசாக்ஸ், ஜீன் லின்டன்மன் ஆகிய இருவரும் இன்புளுவென்சா வைரசைக் கோழி முளைய மென்சவ்விற் செலுத்தி ஆராய்ந்தபோது, கலம் தானே ஒரு தடுப்புப் பொருளைச் சுரப்பதைக் கண்டு அதற்கு இன்ரபெரோன் எனப் பெயரிட்டனர். 1962இல் லின்டன்மன், ஓர் இன வெள்ளெலிகள் இன்புளுவென்சாவுக்கு இயல்பாகவே அடங்காதிருத்தலை அறிவித்தார். ஒரே வைரசு ஓர் எலியைக் கொல்ல, மற்றோர் எலி பிழைத்தது. வேறுபாடு வைரசில் இல்லை, விருந்துவழங்கியில் இருந்தது.

1975ஆம் ஆண்டளவில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் நடைபெற்ற ஆய்வுகள், வைரசின் மேற்பரப்புப் புரதத்தை விருந்துவழங்கியின் நொதியம் ஒன்று வெட்டினாலன்றி வைரசு தொற்றும் ஆற்றலைப் பெறாது எனக் காட்டின. மனித சுவாசப் பாதையில் அவ்வேலையைச் செய்வனவற்றுள் ஒன்றான டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2 என்னும் நொதியம் 2006இல் அடையாளம் காணப்பட்டது. 1979இல் ரொபேட் குறுக் குழுவினர், கலத்தின் செய்தி ஆர்.என்.ஏ.க்களின் முனைகளை வைரசு வெட்டித் திருடித் தன் செய்திகளுக்குத் தலைப்பாகை ஆக்குவதைக் கண்டறிந்தனர். 2009, 2010ஆம் ஆண்டுகளில், மனிதப் பரம்பரையலகுகளை ஒவ்வொன்றாக அடக்கிவிட்டு வைரசு பெருகுகின்றதா எனச் சோதித்த பெருமுயற்சிகள் வெளியாகி, வைரசுக்கு இன்றியமையாத நூற்றுக்கணக்கான கலப் பொருள்களின் பட்டியலைத் தந்தன.

இங்கேதான் புதிய மருந்தியலின் நம்பிக்கை தங்கியுள்ளது. வைரசின் நொதியத்தை அடைத்தால், அந்நொதியத்தை வைரசு மாற்றிக்கொள்கின்றது. கலத்தின் நொதியத்தையோ வைரசு தன் விருப்பப்படி மாற்ற இயலாது. மேலும், வைரசு இனங்கள் பல ஒரே கலப்பொருளை நாடுவதால், ஒரு மருந்து பல இனங்களுக்கும், இன்னும் தோன்றாத பெருந்தொற்றுக்கும் பயன்படக்கூடும்.

நம்பிக்கையும் அதன் எல்லையும்

இவ்வழியில் முயற்சிகள் பல நடந்துள்ளன. வைரசுப் புரதத்தை வெட்டும் கல நொதியத்தைத் தடுக்கும் அப்புரொற்றினின், உறிஞ்சு மருந்தாக உருசியாவில் வழக்கிற்கு வந்தது. சுவாசப் பாதையின் சியாலிக் அமிலத்தையே நீக்கிவிடும் நொதியமொன்று, மனிதரிற் சோதிக்கப்பட்டபோது வைரசின் அளவைக் குறைத்தது. நோயாளரின் குணத்தைத் தெளிவாக விரைவுபடுத்தியதாக நிறுவப்படவில்லை. கலத்தின் உள்ளே செய்தி கடத்தும் ஒரு தொடரைத் தடுத்தால் வைரசின் பெருக்கம் குன்றும் என 2001இல் ஜெர்மானிய ஆய்வாளர் காட்டினர். புற்றுநோய்க்கென ஆராயப்பட்ட சேர்மங்கள் அவ்வழியே மறுபார்வை பெற்றன. ஆயினும் கலத்தை இலக்காகக் கொண்ட இன்புளுவென்சா மருந்து எதுவும் பெரும்பாலான நாடுகளில் இன்னும் வழக்கிற்கு வரவில்லை.

இம்முயற்சிகளுள் மலைநாட்டுக்கு நெருங்கியது குளோரோகுயினின் வரலாறாகும். சிங்கோனாவின் குயினைனை முன்மாதிரியாகக் கொண்டு 1934இல் ஜெர்மனியில் ஆக்கப்பட்ட அம்மருந்து, கலத்தினுள் உள்ள சிறு பைகளின் அமிலத்தன்மையைக் குறைப்பது. வைரசு கலத்தினுள் தன் உறையைத் திறப்பதற்கு அவ்வமிலமே வேண்டும். ஆதலின் ஆய்வுகூடக் கலங்களில் அது வைரசைத் தடுத்தது. ஆனால் சிங்கப்பூரிற் பல நூற்றுவரிடம் முறையாக நடத்தப்பட்டு 2011இல் வெளியான சோதனையில், அது இன்புளுவென்சாவைத் தடுக்கவில்லை. 1918இற் குயினைன் காரணம் அறியாது கொடுக்கப்பட்டுத் தோற்றது; அதன் வழித்தோன்றல் காரணம் அறிந்து கொடுக்கப்பட்டும் தோற்றது. எனினும் இரண்டாவது தோல்வி அறிவை வளர்த்த தோல்வி. கலத்திலே நிகழ்வது உடலிலே நிகழுமா என்பதைச் சோதனை ஒன்றே கூறவல்லது என்பதை அது உணர்த்திற்று.

கலத்தை இலக்காக்குவதில் வேறு இடர்களும் உள. வைரசு திருடும் நொதியம் உடலுக்கும் வேலை செய்வதாகும். அதனை அடைத்தால் உடலும் வருந்தலாம். தேயிலையின் வருகை நோயைத் தீர்த்து லயன் வாழ்வைத் தந்ததுபோல, இங்கும் விலை ஒன்று உண்டு. வைரசு முற்றாக வழியற்றுப் போவதும் இல்லை. பறவை இன்புளுவென்சா வைரசு நாடும் ஒரு கலப் புரதத்தை மாற்றியமைத்து வளர்த்த கோழிகள், குறைந்த அளவு வைரசுக்குப் பெரும்பாலும் அடங்காதிருந்தன என்றும், அளவு மிகுந்தபோது சில தொற்றுண்டன என்றும், அவற்றில் வைரசு மாற்றமுற்று வேறு புரதங்களைத் துணைக்கொண்டது என்றும் 2023இல் பிரித்தானிய ஆய்வாளர் அறிவித்தனர். பேராதனைக்கு அணித்தாய்க் கன்னொருவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகம் அமைந்துள்ள இப்பிரதேசத்தில் இச்செய்தி பிறர் நாட்டுச் செய்தியன்று.

பேராதனையின் கடன்

2005ஆம் ஆண்டளவிற் பறவைக் காய்ச்சல் அச்சம் எழுந்தபோது, செல்வந்த நாடுகள் ஒசெல்தமிவிரைக் குவித்து வைத்தன. ஏனைய நாடுகள் காத்திருந்தன. 1934இன் குயினைன் கதை வேறு பெயரில் மீண்டும் நிகழ்ந்தது எனலாம். பேராதனை மருத்துவபீடத்தின் பீடாதிபதியாகவும் பணியாற்றிய பேராசிரியர் சேனக பிபிலே, 1971இல் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் வாயிலாக, வணிகப் பெயர்களை விடுத்து மருந்தின் பொதுப்பெயரால் வாங்கி வழங்கும் கொள்கையை நடைமுறைப்படுத்தினார். 1977இல் அவர் மறைந்த பின்னரும் அக்கொள்கை வளர்முக நாடுகளுக்கு வழிகாட்டியாயிற்று. கலத்தை நாடும் மருந்துகளுட் பல, வேறு நோய்களுக்கென ஏலவே வழக்கிலுள்ளவை, காப்புரிமைக் காலம் கடந்தவை, மலிவானவை. அவற்றைப் புதிய நோக்கிற் சோதிப்பது பெருஞ்செல்வம் படைத்தோருக்கு மட்டுமே உரிய பணியன்று.

அச்சோதனை ஏன் இன்றியமையாதது என்பதையும் அண்மைக் காலம் காட்டியுள்ளது. 2020ஆம் ஆண்டின் இறுதியிற் கொரோனாவுக்கு மருந்து எனக் கூறப்பட்ட ஒரு பாணியைப் பெறக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அதே ஆண்டின் நடுப்பகுதியிற் பிரித்தானியாவில் நடைபெற்ற பெருஞ்சோதனை, குளோரோகுயினின் உறவான மருந்து கொரோனாவுக்குப் பயனற்றது என்றும், உடலின் அழற்சியைத் தணிக்கும் மலிவான டெக்சாமெதசோன் கடும் நோயாளரின் இறப்பைக் குறைப்பது என்றும் நிறுவியிருந்தது. வைரசைத் தொடாது நோயாளரின் உடலை நாடிய மருந்தே அங்கு உயிர் காத்தது. இன்புளுவென்சாவுக்கும் அது பொருந்தும் என்று கூற இயலாது. அதனையும் சோதித்தே அறிதல் வேண்டும்.

கந்தகத் தூளை நம்பியோரிடையே வார்ட் இலையின் உள்ளே நோக்கினார். 1918இற் கலத்தின் உள்ளே நோக்கும் கருவி எவரிடமும் இருக்கவில்லை; இன்று அது உண்டு. ஆயின் நோக்கிக் கண்டதைத் துணிவோடு சோதிப்பதும், சோதனையின் முடிவு கசப்பாயினும் ஏற்பதும், அதன் பயன் லயன் அறை வரை சென்று சேர்கின்றதா எனக் கேட்பதும் கருவியால் ஆவனவல்ல. அவை சிங்கோனா மறைந்த இம்மலைகளின் அடியிலே கல்வி பயில்வோரின் பொறுப்பாகும்.